14 நாள் மாத்திரை காப்பதில்லை

நாய்க்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் 14 நாளுக்கு ஒரு வேளைகூட விடாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும் என்று நாய் வளர்ப்போர் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அக்கறையில் பிறந்த நம்பிக்கைதான். ஆனால் அது காக்க நினைக்கும் நாயையே கெடுக்கிறது.

இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அதன் சொந்த வீடு நாயின் குடல். அங்கிருந்து வெளியேறித்தான் சிறுநீர்த் தாரை வழியாக மேலேறுகிறது. விழுங்கிய மாத்திரை சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. மருந்துக்குப் பணிபவை சாகின்றன. தாங்குபவை காலியான இடத்தில் பெருகி, எதிர்ப்பு மரபணுக்களை அண்டை பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றுகின்றன. மருந்து கொடுக்கும் நாள் கூடக்கூட இது நீள்கிறது. அடுத்த தொற்று கிளம்புவதும் அதே குடலில் இருந்துதான். கூடுதல் நாள்கள் எதிர்ப்பைத் தடுப்பதில்லை, வளர்க்கின்றன.

இடையில் நிறுத்தினால் எதிர்ப்பு வரும் என்ற அச்சத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1945இல் நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பென்சிலினைக் குறைவாக எடுத்தால் கிருமி எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். அவர் காட்டிய உதாரணம் தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அந்தக் கிருமி இன்றும் பென்சிலினுக்கு அடங்குகிறது! அளவு குறைவதும் நாள் குறைவதும் வேறு வேறு என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

செல்லப்பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எப்போதாவது வரும் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும் என்கிறது. சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு 10 முதல் 14 நாள். ஆண் நாயின் புராஸ்டேட்டில் தொற்று என்றால் அதைவிட நீளும். ஆகவே நாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் சரியல்ல. எவ்வளவு நாள், ஏன் என்று மருத்துவரிடம் கேட்பதே முறை.

"எடுத்த எடுப்பிலேயே வீரியமான மருந்து கொடுத்துவிட்டால் பயமில்லை" என்பது அடுத்த வாதம். வழக்கமாக முதலில் கொடுக்கும் அமாக்சிசிலின் பழைய மருந்துதான். ஆனால் சிறுநீரில் அடர்த்தியாகச் சேர்வதால் நன்றாகவே வேலை செய்கிறது. வீரியமானவை என்று கேட்டு வாங்கும் செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு, இதே தொற்றைத் தரக்கூடிய என்டெரோகாக்கஸ் என்ற கிருமி இயல்பிலேயே அடங்காது. என்ரோஃப்ளாக்சசின் போன்றவை வளரும் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடும். இவற்றை வேறு வழியில்லாத நேரத்துக்கு வைத்திருக்க வேண்டும்.

சோதனையில் கிருமி தெரிந்தாலே மருந்து வேண்டும் என்பதும் பிழை. வயதான பெட்டை நாய்கள், நீரிழிவு உள்ளவை, பின்னங்கால் செயலிழந்தவை ஆகியவற்றின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமல் பாக்டீரியா இருப்பதுண்டு. முக்கல், எரிச்சல், அடிக்கடி சிறுநீர், இரத்தம் எதுவும் இல்லையென்றால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. கொடுத்தால் குடலில் எதிர்ப்புதான் மிச்சம்.

"நாயின் கிருமி நாயோடு போகட்டும்" என்று இருக்கவும் முடியாது. ஒரே வீட்டில் மனிதரிடமும் நாயிடமும் ஒரே வகை ஈ.கோலை கண்டறியப்பட்டிருக்கிறது. நம் முகத்தை நக்கும் நாக்கு அதன் பின்புறத்தையும் நக்குகிறது.

அறிகுறி தெரிந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். தரையில் பிடித்தது வேண்டாம். ஊசியால் சிறுநீர்ப்பையில் இருந்தே எடுத்ததாக இருக்கட்டும். முடிவு வரும்வரை வலிநிவாரணி மட்டும் போதுமா என்றும் கேளுங்கள்.