தீயணைப்புப் படைக்கும் பரீட்சை!

வீடு தீப்பிடித்தால் தீயணைப்புப் படைக்குச் சொல்லி அனுப்புகிறோம். சங்கு ஊதிக்கொண்டு வண்டி ஓடி வருகிறது.

அந்தப் படை ஒழுங்காக இருக்கிறதா? ஆட்களுக்குச் சரியான பயிற்சி உண்டா? போன விபத்தில் கற்ற பாடம் நினைவில் இருக்கிறதா? இதையெல்லாம் பார்ப்பது யார்?

இங்கிலாந்து நாட்டில் இந்தக் கேள்வி பெரிய கேள்வியாகக் கிளம்பியது. அந்தக் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தன் முதுகு தெரியாது

1947-ஆம் ஆண்டில் அங்கே ஒரு தீயணைப்புச் சட்டம் வந்தது. தீயணைக்கும் பொறுப்பு உள்ளூர் ஆட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றைச் சோதிக்க சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள்.

நாளடைவில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஒரு படையின் அதிகாரிகள் இன்னொரு படையைப் போய்ப் பார்த்து, யோசனை சொல்லும் முறை வந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவர் குறையை மற்றவர் ஓங்கிச் சொல்வதும் கடினம்தான்.

2016-இல் உள்துறை மந்திரியாக இருந்தவர் தெரசா மே. தீயணைப்புப் படைகளைச் சோதிக்கத் தனி இன்ஸ்பெக்டர்கள் இல்லையே என்று அவர் பகிரங்கமாகக் குறை சொன்னார். 2017 ஜனவரியில் அதற்கான சட்டம் நிறைவேறியது.

ஆனால் இன்ஸ்பெக்டர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே இடி விழுந்தது!

72 பேர் பலி

2017 ஜூன் 14. இரவு 1 மணிக்குச் சற்று முன்பு. லண்டனில் கிரென்பெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடம். நாலாவது மாடியில் ஒரு வீட்டுக் குளிர்பெட்டியில் தீப்பிடித்தது.

கட்டடத்தின் வெளிச் சுவரில் தகடுகள் பொருத்தியிருந்தார்கள். மேலும் கீழும் அலுமினியம், நடுவே பிளாஸ்டிக். தீ அந்தத் தகடுகளுக்குத் தாவியது. தாவிய அரை மணி நேரத்துக்குள் உச்சி மாடியைத் தொட்டுவிட்டது.

உள்ளே இருந்தவர்கள் பதறிப்போய் டெலிபோன் செய்தார்கள். "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

மாடிக் கட்டடங்களுக்கு இதுதான் வழக்கமான யோசனை. ஒரு வீட்டுத் தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாது என்ற நம்பிக்கையில் வகுத்த விதி அது. அன்று அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஆனாலும் யோசனை மாறவில்லை.

2 மணி 47 நிமிஷத்துக்குத்தான் அதைக் கைவிட்டார்கள். 1½ மணியிலிருந்து 1 மணி 50 நிமிஷத்துக்குள் எல்லோரையும் வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும் என்று விசாரணைத் தலைவர் சர் மார்ட்டின் மூர்-பிக் 2019 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார். இறந்தவர்கள் 72 பேர்.

மறந்துபோன பாடம்

இந்தப் பாடம் புதியதா? இல்லை!

2009 ஜூலை 3-ந்தேதி லண்டனிலேயே லக்கனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடம் எரிந்தது. மூன்று பெண்களும் மூன்று குழந்தைகளும் மாண்டார்கள். அங்கும் உதவி கேட்டவர்களுக்கு, உள்ளேயே இருக்கும்படி யோசனை சொல்லப்பட்டது. 2013-இல் மரண விசாரணை நடந்து, பல சிபாரிசுகள் வந்தன.

"அந்தச் சிபாரிசுகள் என்ன ஆயின?" என்று ஆண்டுதோறும் வந்து கேட்க, வெளி இன்ஸ்பெக்டர் ஒருவரும் இல்லை. லக்கனல் பாடத்தை லண்டன் படை கற்கவில்லை என்று 2024-இல் வந்த இறுதி விசாரணை அறிக்கை கூறியது.

இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் 72 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தகடு செய்த கம்பெனிகள் மீதும், சர்க்கார் மீதும் அதே அறிக்கை கடுமையாகக் குற்றம் சாட்டியிருக்கிறது. ஆனால் கேட்பார் இல்லாத இடத்தில் பாடம் சீக்கிரம் மறந்துபோகும்.

மூன்று கேள்விகள்

போலீசைச் சோதித்து வந்த இன்ஸ்பெக்டர் நிலையத்திடமே 2017 ஜூலையில் தீயணைப்புப் படைகளும் ஒப்படைக்கப்பட்டன. அதன் தலைவராக இருந்தவர் சர் தாமஸ் வின்சர். அவர் ஒரு வக்கீல். போலீஸ்காரரும் அல்ல, தீயணைப்புக்காரரும் அல்ல.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவது போலத்தான் இதுவும். 2018 முதல் 45 படைகளுக்கும் போனார்கள். நிலையங்களைப் பார்த்தார்கள். வீரர்களிடம் பேசினார்கள். ஏடுகளைப் புரட்டினார்கள். கேட்ட முக்கியக் கேள்விகள் மூன்று:

உயிரையும் உடைமையையும் படை நன்றாகக் காக்கிறதா?

பணத்தையும் ஆட்களையும் சரியாகப் பயன்படுத்துகிறதா?

தன் ஆட்களை நல்லபடி நடத்துகிறதா?

இதற்கு மார்க் உண்டு. 'மிகச் சிறப்பு' என்பது மேல்படி. 'போதாது' என்பது கீழ்ப்படி. முடிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

2019 டிசம்பரில் லண்டன் படைக்குக் கிடைத்த மார்க், 'முன்னேற்றம் தேவை'. கிரென்பெல் பாடங்களை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் படை மெதுவாகப் போகிறது என்று இன்ஸ்பெக்டர்கள் எழுதினார்கள். விபத்து நடந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது!

நிலையத்துக்குள்ளே

மூன்றாவது கேள்வி ஏன்? ஆட்களை எப்படி நடத்தினால் தீக்கு என்ன?

புகைக்குள் நுழைகிறவன், பக்கத்தில் வருகிறவனை நம்பித்தான் நுழைகிறான். நிலையத்தில் தன்னைக் கேலி செய்து துன்புறுத்துகிறவனை அவன் எப்படி நம்புவான்?

2022 நவம்பரில் வக்கீல் நசீர் அப்சல் லண்டன் படையைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். பெண்களையும் கறுப்பு நிறத்தவரையும் இழிவாக நடத்திய சம்பவங்கள் அதில் இருந்தன. அடுத்த மாதமே இன்ஸ்பெக்டர்கள் அந்தப் படையைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்தார்கள். 2023 மார்ச்சில் நாடு முழுவதையும் பற்றி இன்ஸ்பெக்டர்கள் தனி அறிக்கை வெளியிட்டு, 35 சிபாரிசுகள் செய்தார்கள்.

பிரம்பு இல்லாத வாத்தியார்

இந்த இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு குறை உண்டு. அவர்களால் படைத் தலைவரை வேலையை விட்டு நீக்க முடியாது. "இந்த ஏணியை வாங்கு" என்று உத்தரவு போட முடியாது. பணம் கொடுக்கவும் முடியாது. கையில் பிரம்பு இல்லாத வாத்தியார் அவர்கள்!

ஆட்களையும் பணத்தையும் குறைத்துக்கொண்டே போனால் படை எப்படி உருப்படும் என்று வீரர்களின் தொழிற்சங்கம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். பசித்த பிள்ளையிடம் மார்க்கை மட்டும் கேட்டால் போதாது.

அப்படியானால் சோதனையால் என்ன லாபம்? குறை ஊருக்குத் தெரிகிறது. மோசமான குறை என்றால், அதைத் திருத்தும் திட்டத்தைப் படை எழுத்தில் தர வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் திரும்பவும் வந்து பார்ப்பார்கள். கவுண்டியில் வசிக்கும் ஒரு தாய், தன் ஊர்ப் படையின் மார்க்கைப் படித்துவிட்டு, தான் ஓட்டுப் போட்ட உறுப்பினரிடம் போய், "இது ஏன்?" என்று கேட்கலாம்.

அவள் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். 2009-க்கும் 2017-க்கும் நடுவே நடக்காமல் போனது அதுதான்.