நீர் கட்டிய பிறகு ஓடிவரும் ஆண்களுக்கு

பால்வெட்டுக் கத்தி விரலில் பட்டால் நம் ஆண்கள் உடனே மருந்தகத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்றுக்குப் போவதில் கஷ்டம் என்றால் மட்டும் வருவதில்லை. வெட்கம். பாசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து விற்பவனிடம் அந்த வெட்கம் இல்லை போலிருக்கிறது. சம்பளம் போட்ட வாரம் 100 வெள்ளி, 120 வெள்ளி என்று எண்ணிக் கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் இரவு 11 மணிக்கு, 60 வயதைத் தாண்டிய ஒரு பெரியவரை மகன்கள் தூக்கி வந்தார்கள். அடிவயிறு பானைபோல் உப்பியிருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. ரப்பர் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. பிறகு விசாரித்தேன். ஒரு வருஷமாக இரவில் நாலைந்து தடவை எழுந்து போயிருக்கிறார். நீர் நூல்போல் வந்திருக்கிறது. "உடம்புச் சூடுதான் ஐயா" என்றார். லயத்துக்குப் பின்னால் வளரும் பூனை மீசைச் செடியைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். கூடவே ஒரு பாட்டில் மாத்திரை. அன்று சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை இரண்டு. அந்தச் சளி மாத்திரைதான் கதவைச் சாத்தியது. நீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தும் குணம் பல சளி மருந்துகளுக்கு உண்டு.

நீர்ப்பைக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி புரோஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் பெரிய கொட்டைப்பாக்கு அளவு. வயதானால் பருக்கும். 60 வயது ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது கொஞ்சமாவது பருத்திருக்கும். பருத்தால் குழாயை நெருக்கும். பூனை மீசையும் நெருஞ்சிலும் நீரைப் பெருக்குபவை. வாய்க்கால் அடைத்திருக்கும்போது மேலே இன்னும் தண்ணீர் திறந்துவிட்டால் வரப்புதானே உடையும்?

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சா பால்மெட்டோ என்ற அமெரிக்கக் குட்டிப் பனையின் பழச்சாறு. அந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 225 ஆண்களுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்த முடிவு 2006-இல் வந்தது. 369 பேருக்கு மூன்று மடங்கு அளவுவரை ஏற்றிப் பார்த்த முடிவு 2011-இல் வந்தது. இரண்டிலும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட எந்த நன்மையும் இல்லை. வைட்டமின் ஈ கதை இன்னும் மோசம். 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரிந்தது.

நான் நாட்டு மருந்துக்கு விரோதி இல்லை. என் வீட்டிலும் சுக்கு உண்டு, ஓமம் உண்டு. பூசணி விதையை வறுத்துத் தின்னுங்கள், நல்ல உணவு. ஆனால் தொங்கட் அலி என்ற பெயரில் விற்கும் பொட்டலங்களில் ஆண்மை மாத்திரையைக் கள்ளத்தனமாகக் கலந்து பிடிபட்டவை பல. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாததைத் தொடாதீர்கள். எண் இருந்தாலும் நோய் தீரும் என்று அர்த்தம் ஆகாது. பாரம்பரிய மருந்துகளுக்கு அது பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துக் கொடுக்கும் எண்தான்.

120 வெள்ளி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் இழந்தது ஒரு வருஷம். நீர் தேங்கித் தேங்கி அவருடைய சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான். நீர், இரத்தம் பார்ப்பார்கள், டாக்டர் விரலால் ஒரு நிமிஷம் சோதிப்பார். நம்மவர்களுக்கு இனிப்பு நீர் அதிகம். இரவில் அடிக்கடி எழுவது அதனாலும் இருக்கலாம். பருத்த சுரப்பிதான் என்றால் குழாயைத் தளர்த்தும் மாத்திரை தருவார்கள். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். அதைச் சாப்பிட்டால் படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள், தலை சுற்றும். நீரில் இரத்தம் கண்டால் மறுநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

"ஒரு நாள் பேர் போயிடுமே ஐயா" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, டாக்டர் எம்.சி. கொடுத்தால், ஆண்டுக்கு 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கிளினிக் 20 மைல் தள்ளி இருந்தால் எப்படிப் போவது? கிளைச் செயலவை அடுத்த பேச்சில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இது: மாதம் ஒரு நாள், 50 வயது தாண்டிய ஆண்களை ஏற்றிப்போக ஒரு வேன். கோயில் திருவிழாவுக்கு லாரி தருகிறவர்கள் இதற்கு மறுக்க என்ன இருக்கிறது?