மட்டையின் மறுபக்கம்

மூன்றாம் ஆண்டு, வரலாறு

நம் தஞ்சைத் தரணியில் 'பாணி' என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கோயில் திருவிழாவில் பந்தலுக்கு வெளியே வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கூட, வாசிப்பவர் முகத்தைப் பாராமலே, "இஃது இன்னார் வழி" என்று சொல்லிவிடுவார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி வேறு. திருவீழிமிழலைச் சகோதரர்கள் கீர்த்தனையை வாசித்த முறை வேறு. இரண்டையும் இந்த மண் மதித்தது. ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் நம்மவர்களின் காது மந்தமாகிவிடுகிறது. மேசைப்பந்தாட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

2025 மார்ச் கடைசி வாரத்தில் சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்ற டபிள்யூ.டி.டி. பன்னாட்டுப் போட்டியை நம் விடுதியில் பலரும் கைப்பேசியில் தொடர்ந்து பார்த்தோம். இரண்டு நண்பர்கள் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப்போய் நேரிலேயே கண்டுவந்தனர். சரத் கமலின் கடைசிப் போட்டி அது. 42 வயது, பத்து முறை தேசிய சாம்பியன், 2006-இல் மெல்போர்னிலும், பதினாறு ஆண்டுகள் கழித்து 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். அப்படிப்பட்டவர் சொந்த ஊரில், சொந்த நாட்டு இளைஞர் சினேகித் சுரவஜ்ஜுலாவிடம் மூன்று நேர் கேம்களில் தோற்று விடைபெற்றார். விடுதியில் சிலர் கண்கலங்கினர். எனக்கு வருத்தம் தோன்றவில்லை. தாம் வளர்த்த ஆட்டத்தை ஆடும் இளைய கால்களிடம் ஒருவர் தோற்பதில் வருந்த என்ன இருக்கிறது? அதே போட்டியில் மானவ் தக்கர் அரையிறுதி வரை சென்றதும் நினைவிருக்கலாம்.

சரத்தின் ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நெடிய உருவம். மேசையை விட்டுச் சற்றுப் பின்வாங்கி நின்று, மட்டையைத் தாழ்த்தி, இடுப்பைத் திருப்பி, முழு உடம்பின் எடையையும் ஃபோர்ஹாண்டு அடியில் கொண்டுவந்து சேர்ப்பார். பந்து வேகமாக மட்டுமன்றிக் கனமாகவும் போய் விழும். பர்மிங்காம் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டிடம் முதல் கேமை 11-13 என இழந்தார்; அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனத்து மா லாங்கிடம் தோற்றாலும், இரண்டாவது கேமை 11-8 என்று கைப்பற்றி, மூன்றாவதை 11-13 வரை இழுத்தார். அதே சென்னையிலிருந்து வந்த சத்தியனோ நேர்மாறு. மேசையை ஒட்டியே நிற்பார். பந்து எழும்பி முடியுமுன்பே பாக்ஹாண்டால் தட்டித் திருப்பிவிடுவார். எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கமாட்டார். அந்த வழியில்தான் 2019-இல் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடத்தைத் தொட்டார். ஒரே ஊர், இரு பாணி. இவ்விரண்டையும் குறை சொல்ல யாரும் முன்வருவதில்லை.

குறை சொல்லப்படுவது வேறொரு பாணி. மணிகா பத்ரா மட்டையின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் 'லாங் பிம்பிள்' ரப்பரைக் கண்டால் நம்மில் பலருக்கு முகம் கோணுகிறது. "அது ஆட்டமா? ரப்பர் ஆடுகிறது, அவர் எங்கே ஆடுகிறார்?" என்று நம் பொதுஅறையில் ஒருவர் உரக்கவே கேட்டார். இக்கேள்விக்கு விடை சொல்லவே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ரப்பர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண ரப்பர் வழவழப்பாக இருக்கும். பந்தைப் பற்றிக்கொண்டு சுழலை ஏற்றும். இதிலோ நீண்ட, மெல்லிய குமிழ்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பந்து பட்டதும் அவை வளைந்துகொடுக்கும். தானாகச் சுழலை ஏற்றும் வலு அதற்குக் குறைவு. எதிராளி ஏற்றி அனுப்பிய சுழல் பெரும்பாலும் மாறாமல் அவரிடமே திரும்பும். அதாவது, அவர் மேற்சுழல் கொடுத்தால் அவருக்குக் கீழ்ச்சுழலாக வந்து சேரும். வழக்கம்போல் மட்டையை வைத்தால் பந்து வலையில் போய் விழும். இதில் ஏமாற்று எங்கே? இரு பக்க ரப்பரும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1980-களிலேயே வந்துவிட்டது. ஆடும் முன்பு எதிராளியின் மட்டையை வாங்கித் தடவிப் பார்க்கவும் உரிமை உண்டு. அனைத்தும் வெட்டவெளிச்சம். மேலும், மணிகா மட்டையைக் கைக்குள்ளேயே திருப்பித் திருப்பி இரு பக்கத்தையும் மாற்றிப் பயன்படுத்துகிறாரே, அந்தக் கைப்பழக்கம் எத்தனை ஆண்டுப் பயிற்சியில் வந்திருக்கும்! 2018-இல் கோல்டுகோஸ்டில், அப்போது உலகின் முன்வரிசையில் இருந்த சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெயை அணிப் போட்டியின் இறுதியிலும், ஒற்றையர் அரையிறுதியிலும் அவர் வீழ்த்தியதை ரப்பரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. சுழலே இல்லாத சோம்பலான பந்தை அந்தக் குமிழ்களின் பக்கம் அனுப்பினால் அந்த ரப்பர் தடுமாறும். பழகிய எதிராளிகள் அதைத்தான் செய்கிறார்கள். டோக்கியோவில் ஆஸ்திரியாவின் சோபியா பொல்கனோவாவிடம் மணிகா 0-4 என்று தோற்றார். ஆனால் இது எல்லாப் பாணிக்கும் உள்ள விதிதானே? சரத்தின் கனமான அடிக்கும் விடை கண்டுபிடித்தவர்கள் உண்டு.

2024 பிப்ரவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த உலக அணிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த சீனத்து சுன் யிங்ஷாவை நம் ஐஹிகா முகர்ஜி 3-1 என்று வென்றார். அவர் பாக்ஹாண்டுப் பக்கம் சுழலை மழுங்கடிக்கும் ரப்பர் இருந்தது. அடுத்து ஸ்ரீஜா அகுலா வாங் யிடியைத் தோற்கடித்தார். முடிவில் இந்தியா 2-3 எனத் தோற்றதென்பது வேறு. எனினும், ஒரு மணி நேரம் சீன அணியே திகைத்து நின்றதற்குக் காரணம், அவர்கள் தினமும் பயிற்சியில் காணாத ஆட்டம் எதிரே வந்ததுதான் என்பது என் கருத்து. சீனர்களின் ஆட்டத்தை அவர்களைவிடச் சிறப்பாக ஆடி அவர்களை வெல்ல நினைப்பது, காவிரியை எதிர்த்து நீந்துவது போன்றது. பாரிஸ் ஒலிம்பிக்கில், முதலிடத்தில் இருந்த வாங் சூசினை வெளியேற்றிய சுவீடனின் மோரேகார்டு அறுகோண மட்டை பிடித்தவர். 17 வயதில் வெண்கலம் வாங்கிய பிரெஞ்சுச் சிறுவன் ஃபெலிக்ஸ் லெப்ரன், பேனாவைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிப்பவன். ஐரோப்பாவில் அப்பிடியைக் காண்பது அரிது.

இந்த ஆட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு ஜப்பானிய வீரர் ஹிரோஜி சாடோ பஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். பந்து பட்ட ஓசையே எழவில்லை. ஓசையை வைத்து வேகத்தைக் கணித்துப் பழகிய ஐரோப்பியர்கள் குழம்பிப்போனார்கள். அவர் உலகச் சாம்பியன் ஆனார். அன்றும் 'இது முறையல்ல' என்று முணுமுணுத்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லார் மட்டையிலும் ரப்பருக்கு அடியில் பஞ்சு இருக்கிறது! (எங்கள் ஊரில் 1960-களில் ஏ.டி.டி. 27 வந்தபோது தூயமல்லியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கைவிட்டவர்கள், பிறகு விதை தேடித் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமனிடம் போய் நின்ற கதையும் நினைவுக்கு வருகிறது. அது நீண்ட கதை.)

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நம் கல்லூரி மாணவி ஒருவர். லாங் பிம்பிளில் ஆடுபவர். கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் ஒன்றில் அவர் வென்றதும், எதிரணியினர் முணுமுணுத்தது போகட்டும், நம்மவர்களே "குறுக்கு வழி" என்றார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் அவர் அந்த ரப்பரை உரித்துவிட்டு, எல்லாரையும் போல வழவழப்பான ரப்பரை ஒட்டிக்கொண்டு வந்தார். தோற்றார். அன்று கைதட்டியவர்களும் நாம்தாம். "நன்றாக ஆடினாய்" என்று ஆறுதலும் சொன்னோம். நன்றாக ஆடவில்லை. வேறு யாரையோ போல ஆடினார். விரிவுரையாளர்களும் அப்போது அருகில் இருந்தார்கள். ஒருவரேனும் தடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

சென்ற மாதம் அவர் பழைய ரப்பரை மறுபடியும் ஒட்டியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குமேல் மேசை காலியாக இருந்தால் போய் ஒரு கை ஆடிப் பாருங்கள். முதல் பத்துப் பந்துகளையும் வலையில்தான் அடிப்பீர்கள். பதினொன்றாவதையும் எண்ணிக்கொள்ளலாம், நான் அடித்திருக்கிறேன்.