சீனியர் அருகில் இருக்க, ஜூனியர் வாதாடட்டும்

ஒரு மனுவைத் தயாரித்த இளம் வழக்கறிஞரே அதை நீதிமன்றத்தில் வாதாட வேண்டும், சீனியர் பக்கத்தில் இருந்து துணை நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் நிலைப்பாடு. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பதிவுபெற்ற வழக்கறிஞர் எவரும் எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் செய்யலாம் என்கிறது. மூத்த வழக்கறிஞர்களுக்கு முதலில் பேசும் முன்னுரிமையை அதே சட்டம் தருகிறதே தவிர, இளையவர் வாயை அது கட்டவில்லை. ஆனால் நடப்பது என்ன? கேஸ் கட்டை வரிவரியாகப் படித்து, முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்து, மனுவை வரைந்தவர் ஜூனியர். அவரே கோர்ட் ஹாலுக்குள் நுழைந்ததும் வாய்தா கேட்கவும், வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படி பாஸ் ஓவர் கேட்கவும் மட்டுமே எழுந்து நிற்கிறார்.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில், அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வின் முன் ஓர் இளம் வழக்கறிஞர் வாய்தா கேட்டார். நீங்களே வாதாடுங்கள் என்றது அமர்வு. தனக்கு அதற்கான அறிவுறுத்தல் இல்லை என்றார் அவர். அமர்வு 2,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது, தயாரிப்பில்லாமல் அவரை அனுப்பிய வழக்கறிஞருக்கு. பொறுப்பு யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கச் சொன்னதை மனமார வரவேற்கிறோம். அது வீட்டு வாடகைக்கு உதவும். ஆனால் நீதிபதியின் எதிர்பாராத கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கம், பதில் சொல்லித்தான் வரும்.

வாய்ப்பு கிடைக்காதவர்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள நீதிமன்றங்களில் தலைமை வழக்கறிஞராக நின்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே பெண். அதையொட்டி புரூக்ளின் கூட்டாட்சி நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் தம் நீதிமன்ற விதியைத் திருத்தினார். மனுவைத் தயாரிக்க உதவிய இளையவர்களே வாதாட வரலாம் என்றார். அதற்காக ஒரு தரப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர் பேசவும் இடம் தந்தார். இங்கும் இதைச் செய்யப் புதுச் சட்டம் தேவையில்லை.

கட்சிக்காரர் சீனியரை நம்பித்தானே ஃபீஸ் கொடுத்தார் என்பது நியாயமான கேள்வி. அவருடைய உயிரும் சொத்தும் யாருடைய பயிற்சிக்கும் பலியாகக் கூடாது. ஆகவே அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். சீனியர் ஹாலிலேயே இருந்து, விட்டுப்போனதை எடுத்துச் சொல்ல வேண்டும். தொடக்கம் இடைக்கால மனுக்களாகவும், ஒரே ஒரு சட்டப் பிரச்சினையாகவும் இருக்கட்டும். இலவச சட்ட உதவி வழக்குகளில் பழகிக்கொள்ளட்டும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. துணைக்கு ஆளில்லாமல் இளையவரைத் தனியே அனுப்பிவைக்கும் இடமாக ஏழையின் வழக்கு இருக்கக் கூடாது. சீனியரின் நிழல் அங்கேதான் அதிகம் வேண்டும். நேரம் வீணாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று வாங்கப்படும் ஒவ்வொரு வாய்தாவும் அதைவிட அதிக நேரத்தைத் தின்கிறது.

சீனியர்களே, அடுத்த விசாரணைக்கு முன் உங்கள் ஜூனியரை அழைத்து, எந்தப் பகுதியை அவர் வாதாடுவார் என்று முடிவு செய்யுங்கள். நீதிபதிகளே, அவர் எழுந்து நிற்கும்போது பொறுமையாகக் கேளுங்கள்.