ஒளி தந்தவனுக்கு 20,000 யென்!

ஆலையிலும் கடைவீதியிலும் வீட்டுக் கூடத்திலும் இன்று எரிகின்ற எல்.இ.டி. விளக்கைத் தந்தது யார்? விஞ்ஞானம் என்பார்கள். விஞ்ஞானம் வானத்திலிருந்து குதிக்கவில்லை, தோழர்களே! கை வருந்த உழைத்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக் கிடைத்த கூலியின் கதை இது.

ஷுஜி நகாமுரா ஜப்பானின் ஷிகோக்குத் தீவில் பிறந்தவர். 1979-ல் அதே தீவின் அனான் நகரிலே, நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது டாக்டர் பட்டம்கூட அவருக்கில்லை. உலையைத் தாமே கட்டி, குழாயைத் தாமே பற்றவைத்துப் பாடுபட்டார்.

சிவப்பு ஒளி தரும் குறைகடத்தி விளக்கு 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலந்தான் வரவில்லை. நீலம் இல்லையேல் வெள்ளை ஒளி இல்லை, வீட்டுக்கு விளக்குமில்லை. ஆய்வாளர் பலரும் துத்தநாக செலினைடின் பின்னே ஓடினர். காலியம் நைட்ரைடைத் தொட்டவர் சிலரே. குறை மலிந்த படிகமல்லவா அது! நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் 1986-ல் நல்ல படிகம் வளர்த்தனர். எவருக்கும் கைகூடாத நேர்வகைப் படலத்தை 1989-ல் எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சிச் செய்தனர். அவர்கள் பங்கை மறைப்பது நியாயமாகாது.

நகாமுரா 1990-ல் உலைக்குள் இரண்டு வாயு ஓட்டங்களை விட்டார். ஒன்று பக்கவாட்டில் பாயும், மற்றொன்று மேலிருந்து அழுத்தும். படிகம் பணிந்தது! 1992-ல் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். படிகத்துள் புகுந்த ஹைட்ரஜன், அங்கே சேர்த்த மக்னீசியத்தைக் கட்டிப்போட்டிருந்தது. சூடேற்றினால் கட்டு அறும். கதிர்ப்பொறி வேண்டாம், உலையே போதும். நிர்வாகம் மாறியபின் ஆய்வை நிறுத்தச் சொன்னார்கள், நான் நிறுத்தவில்லை என்கிறார் நகாமுரா. 1993 நவம்பரில் கம்பெனி பிரகாசமான நீல விளக்கை அறிவித்தது.

அந்த இரட்டை ஓட்டக் காப்புரிமைக்குக் கம்பெனி தந்த சன்மானம் 20,000 யென்!

அவர் வேலையை விட்டு, 2000-ல் அமெரிக்காவில் பேராசிரியரானார். 2001-ல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கணக்குப் போட்டது. கம்பெனிக்கு லாபம் 12,080 கோடி யென். அதில் அவர் பங்கு பாதி, 6,040 கோடி. ஆனால் அவர் கேட்டது 2,000 கோடி. அதையே கொடு என்றது.

முதலாளிகள் கூக்குரலிட்டனர். பணம் போட்டது யார், நட்டம் வந்தால் சுமப்பது யார் என்றனர். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். பழைய தலைவர் ஒகாவா கோடிக்கணக்கான யென்னை நம்பி இறக்கியவர்தாம். ஆனால் போட்ட பணத்துக்கு லாபம் உண்டு என்றால், போட்ட மூளைக்கு 20,000 யென் என்பது எந்த ஊர்த் தராசு?

2005 ஜனவரியில் டோக்கியோ உயர் நீதிமன்றத்தில் சமரசம். உழைப்பு அதேதான், உலையும் அதேதான். பாதியாக இருந்த பங்கு நூற்றுக்கு 5 ஆகியது! அங்கே அவர் செய்த கண்டுபிடிப்புகள் அத்தனைக்கும், வட்டியும் சேர்த்து, சுமார் 84 கோடி யென். மனக்கசப்போடு ஒப்புக்கொண்டார்.

2014-ல் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. மறு ஆண்டே ஜப்பான் தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திற்று. அதுவரை கண்டுபிடிப்பின் உரிமை முதலில் தொழிலாளிக்கு. கம்பெனி விலை கொடுத்து வாங்கவேண்டும். 2016 ஏப்ரல் முதல், கம்பெனி முன்கூட்டியே விதி எழுதி வைத்துக்கொண்டால், உரிமை பிறக்கும்போதே கம்பெனிக்கு. தொழிலாளிக்கு உண்டென்பது 'தகுந்த பலன்'. தகுந்தது எதுவென்று பேச, தொழிலாளிகள் நிர்வாகத்தின் முன் உட்காரவேண்டும்.