ஈரல் நோயாளிக்கு நர்ஸ் எங்கே?

ஈரல் செயலிழந்த நோயாளியை மருந்து மட்டும் காப்பாற்றிவிடாது. இரவு பகலாக அருகிலிருந்து கவனிக்க நர்ஸ் வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லாத ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இது உயிர்ப் பிரச்னை.

குடலில் உண்டாகும் அமோனியா முதலிய நஞ்சுகளை முறிப்பது ஈரல். அது ஓய்ந்தால் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். நாள் கிழமை மறப்பார். நீட்டிய கை உதறும். இதைக் கண்டு 'குடிகாரன் உளறுகிறான்' என்று ஒதுக்குவது கொடுமை. காமாலைக் கிருமிகளாலும் எலி விஷத்தாலும்கூட ஈரல் கெடுகிறது. குடியால் கெட்டதென்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் மூலம் சில்லறை மதுக்கடை நடத்துவது யார்? சர்க்கார்தானே!

இந்த நோயாளிக்கு நர்ஸ் செய்யும் வேலை கொஞ்சமல்ல. டாக்டர் சொன்னபடி லாக்டுலோஸ் பாகைக் கொடுத்து, தினம் 2, 3 முறை இளகிய மலம் போகிறதா என்று பார்க்க வேண்டும். உடல் எடை, வயிற்றுச் சுற்றளவு, குடித்த நீர், கழித்த சிறுநீர் அனைத்தையும் குறிக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் 2 மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ரத்த வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் அக்கணமே டாக்டரை அழைக்க வேண்டும். வீட்டாரும் அறிய வேண்டியது உண்டு: உப்பைக் குறையுங்கள், டாக்டர் சொல்லாமல் பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் நடக்க ஆள் வேண்டாமா? பொது வார்டில், போதனா ஆஸ்பத்திரியானால் 3 நோயாளிக்கும், மற்ற ஆஸ்பத்திரியானால் 5 நோயாளிக்கும் ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். நமது வார்டுகளுக்குச் சென்று வந்த தொழிலாளிகளுக்கு நிலைமை தெரியும். நர்ஸ் செய்ய வேண்டியதை, அன்றாடக் கூலியை இழந்து வந்திருக்கும் மனைவியோ மகனோ செய்கிறார்கள். மலத்தின் நிறம் மாறினால் அதன் பொருளை அவர்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

தமிழ்நாட்டில் 2015-ல் நர்ஸுகளை மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்துக்கு வேலைக்கு வைத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினார்கள். அரை வயிற்றோடும், நாளை வேலை உண்டோ என்ற கவலையோடும் இருப்பவரிடம் ஓயாத கண்காணிப்பை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

கவுன்சில் அளவுப்படி நர்ஸுகளை நியமிக்க வேண்டும். ஒப்பந்த நர்ஸுகள் அனைவரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நர்ஸுகளின் போராட்டம் நமது உயிருக்கான போராட்டமே.