கையில் சாசனம், காலூன்ற இடமில்லை



நாம் குடியிருக்கும் இந்தப் பட்டணம் ஆங்கிலேயர் வசமான விதத்தைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். 1661-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் சார்லஸுக்குப் போர்த்துக்கல் இளவரசி கேத்தரீனை மணமுடிக்க உடன்படிக்கை செய்யப்பட்டது. பம்பாய்த் தீவு சீதனமாக எழுதப்பட்டது. சீதனத்தைப் பற்றி நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எழுதிக் கொடுப்பது ஒன்று. கைக்கு வந்து சேருவது வேறொன்று.

1662-ஆம் ஆண்டில் சர் ஆபிரகாம் ஷிப்மன் என்பவர் சுமார் 400 போர்ச்சேவகரோடு தீவைப் பெற்றுக்கொள்ள வந்தார். கோவாவின் புதிய போர்த்துக்கீசிய ஆளுநர் அந்தோணியோ டி மெல்லோ டி காஸ்ட்ரோவும் அதே ஆங்கிலக் கப்பற்கூட்டத்தில்தான் பயணம் செய்து வந்தார். ஆனால் கரை சேர்ந்தபின் அவர் தீவை ஒப்படைக்கவில்லை. அதிகாரப் பத்திரம் முறைப்படி இல்லை என்றார். உள்ளே இருந்தது வேறு பயம். ஆங்கிலேயர் பம்பாயில் கால்வைத்தால் இந்தியாவில் தங்கள் காலம் முடிந்துவிடும் என்று அவர் எண்ணினார். டச்சுக்காரருக்கு எதிராக ஆங்கிலேயர் உதவி செய்யவில்லை என்ற மனத்தாங்கலும் இருந்தது. 1663 ஜனவரியில் கொச்சி டச்சுக்காரர் கையில் விழுந்தது.

சூரத்தில் ஆங்கிலக் கம்பெனியாருக்குப் பண்டகசாலை இருந்தது. சொந்த தேசத்தார்தானே, இடங்கொடுப்பார்கள் என்று நினைப்போம். படையை இறக்கினால் மொகலாய அதிகாரிகள் கோபங்கொள்வார்கள், வியாபாரம் கெடும் என்று அவர்களும் கதவை அடைத்தார்கள். கப்பல்களோ இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டன.

மீதமிருந்த இடம், கோவாவுக்குத் தெற்கே கார்வாருக்கு எதிரேயுள்ள அஞ்சதீவு என்ற சிறு தீவு. இன்று அது நம் கடற்படைத் தளத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே அவர்கள் காத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தது, அடுத்த மழைக்காலமும் வந்தது. நோயும் உணவுக் குறைவும் மதுபானமும் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. 1664 ஏப்ரலில் ஷிப்மனும் மரித்தார். அவருடைய செயலாளர் ஹம்ஃப்ரி குக் 1665 பிப்ரவரியில் பம்பாயைப் பெற்றுக்கொண்டபோது அவரோடு கரையேறினவர்கள் ஏறக்குறைய நூறு பேர். நாலில் மூன்று பங்கு அஞ்சதீவின் மண்ணுக்குள் போயிற்று.

ஆளவந்தவர்களுக்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. குக் வந்ததும் வராததுமாக, சாசனத்தில் இல்லாத மாஹிமையும் சயானையும் நம் தாராவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அரசரோ 1668-ல் வருஷத்துக்கு 10 பவுன் வாடகைக்குத் தீவைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். எனினும் மாண்டவர்கள் சம்பளத்துக்கு வந்த ஏழைச் சேவகர். வாளினால் யாரும் அவர்களைக் கொல்லவில்லை. பத்திரத்தில் குறை என்று ஒருவரும், வியாபாரத்துக்கு நஷ்டம் என்று இன்னொருவரும் சொன்னார்கள், அதுவே போதுமாயிருந்தது. இருசாராரும் கிறிஸ்துவின் நாமந்தரித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்பொழுது அப்போஸ்தலர் 27, 28-ஆம் அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு கப்பல், ஒரு தீவு, மழை. 276 பேர் நனைந்து நடுங்கி மெலித்தாவில் கரை சேர்ந்தார்கள். அவர்களில் கைதிகளும் இருந்தார்கள். அத்தீவார் கிறிஸ்துவை அறியாதவர்கள். அவர்கள் பத்திரம் கேட்கவில்லை; முதலாவது நெருப்பு மூட்டினார்கள். தீவின் தலைவனாகிய புபிலியு மூன்று நாள் வீட்டில் வைத்து உபசரித்தான். மூன்று மாதம் கழித்து அவர்கள் புறப்பட்டபோது வழிக்குத் தேவையானவைகளையும் ஏற்றி அனுப்பினார்கள்.

கிங்ஸ் சர்க்கிளில் இருக்கிற நமக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்கள் நம் சபைகளில் அநேகர். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, முன்பின் தெரியாதவர்கள் கதவைத் திறந்து தேநீரும் ரொட்டியும் கொடுத்ததை இப்பட்டணம் மறக்கவில்லை. அப்பொழுது ஜாதி, மதம், பாஷை யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் வெள்ளமில்லாத நாட்களில் நாம் எப்படியிருக்கிறோம்? திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மே மாதத்தில் ஒரு குடும்பம் வருகிறது. கையிருப்பு வாடகை முன்பணத்துக்கே சரியாய்ப் போகிறது. ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொள்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை இன்னும் நிலைக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். நாம் கேட்கும் முதற்கேள்வி, ‘எந்தச் சபை? பாஸ்டர் கடிதம் இருக்கிறதா?’ என்பதே.

கடிதம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மந்தையை ஏமாற்றுகிறவர்களும் வருகிறார்கள். ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய காரியங்களில் விசாரணை அவசியமே. பவுலும் பெபேயாளுக்காக ரோமாபுரிச் சபைக்கு எழுதி அனுப்பினார். ஆனால் கடிதம் ஊரிலிருந்து வந்து சேர மூன்று வாரமாகலாம். அதுவரை அந்தக் குடும்பம் எங்கே இருக்கும்? சோறு பொங்க, பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோக, சயான் மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று சொல்ல எந்தக் கடிதமும் வேண்டியதில்லை.

மெலித்தாவில் நெருப்பு எரிந்தபோது பவுல் சும்மா குளிர்காயவில்லை; தாமும் விறகுகளை வாரிக்கொண்டுவந்து போட்டார். ஆகையால் புதிதாய் வந்த சகோதரனை விருந்தாளியாகவே உட்காரவைத்துவிடாமல், இந்த ஞாயிறே பாய் விரிக்கவும் நாற்காலி அடுக்கவும் அவரையும் கூப்பிடுங்கள்.